டீன் சேலஞ்ச்

போதைப்பழக்கத்திலும் தெருச்சண்டையிலும் சிக்கிய இளைஞர்களைக் கிறிஸ்தவ நம்பிக்கைவழி மீட்க முயலும் அமைப்பு. நிறுவியவர் டேவிட் வில்கர்சன் (1931–2011), பென்சில்வேனியாவின் சிற்றூர் ஒன்றில் பெந்தெகொஸ்தே போதகராக இருந்தவர். நியூயார்க்கில் கொலைவழக்கில் நின்ற பதின்வயதினரின் படத்தை 'லைஃப்' இதழில் கண்டு மனம் பதைத்து, 1958-இல் அங்கு சென்றார். நீதிமன்றத்தில் நீதிபதியை அணுக முயன்றபோது வெளியேற்றப்பட்டார். பைபிளை ஏந்திய அவரது புகைப்படம் செய்தித்தாள்களில் வந்தது. அந்த அவமானமே தெருவோரக் கும்பல்களிடையே அவருக்கு அறிமுகமாயிற்று.

புவேர்ட்டோ ரிக்கோவில் பிறந்த நிக்கி குரூஸ், புரூக்ளினின் 'மௌ மௌ' கும்பலின் தலைவர். தேடிவந்த வில்கர்சனை முதலில் அடித்து விரட்டினார். அதே ஆண்டு நடந்த கூட்டமொன்றில், காணிக்கை வசூலிக்கும் பொறுப்பை வில்கர்சன் அக்கும்பலிடமே ஒப்படைத்தார். பணத்தோடு நழுவிவிட வழியிருந்தும், குரூஸ் அதை மேடைக்குக் கொண்டுவந்து கொடுத்தார், அன்றே மனந்திரும்பினார். எவரும் நம்பாத பிள்ளைகளை நம்பிய இந்தத் துணிவே இயக்கத்தின் உயிர்நாடி. குரூஸ் பின்னாளில் சுவிசேஷகரானார்.

1960-இல் புரூக்ளினின் கிளிண்டன் அவென்யூவில் முதல் இல்லம் திறக்கப்பட்டது. இல்லத்திலேயே தங்கி ஜெபம், வேதபாடம், உடலுழைப்பு, கட்டுப்பாடு என்று மாதக்கணக்கில் வாழ்வதே முறை. போதையை விடும்போது உண்டாகும் உடல்வேதனைக்கு மருத்துவ உதவி அவசியம் என்பதால், ஜெபத்தை மட்டுமே நம்பிய போக்கு விமர்சனத்துக்குள்ளானது. அந்த விமர்சனம் நியாயமானதே.

இந்த அனுபவங்களைச் சொல்லும் வில்கர்சனின் 'தி கிராஸ் அண்ட் தி ஸ்விட்ச்பிளேடு' நூல் 1970-இல் திரைப்படமானது.