கரையும் உடலும்

காஞ்சிபுரத்துக்குப் பட்டுச் சேலை எடுக்கப் போனவன் ஒரு பிரசங்கத்தைக் கேட்டுவிட்டுத் திரும்பினேன்.

தறிக்காரப் பெரியவர் ஒருவரின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். அந்தி நேரம். தெருக்கோடியில் கிறிஸ்தவர்களின் கூட்டம். போதகர் பேசத் தொடங்கினார். குரலா அது! எதுகை முன்னே ஓடியது. மோனை அதைத் துரத்தி வந்தது. எழுத்தைப் பிழைப்பாகக் கொண்ட எனக்கே பொறாமையாக இருந்தது.

கூட்டம் கலைந்ததும், “எப்படி?” என்று பெரியவரைக் கேட்டேன்.

“பிரமாதமாப் பேசினாருங்க.”

“என்ன சொன்னார்?”

பெரியவர் யோசித்தார். பிறகு சிரித்துவிட்டார். “அதுதாங்க ஞாபகம் வரல்லே.”

குற்றம் அவர் காதில் இல்லை. கந்தபுராணம் அரங்கேறியது இவ்வூர்க் குமரக்கோட்டத்தில்தான் என்பார்கள். தலைமுறை தலைமுறையாகக் கேட்டுப் பழகிய ஊர் இது.

சொல்லா, பொருளா என்னும் இந்த வழக்கு, தமிழ்நாட்டுக் கிறிஸ்தவத்தில் மிகப் பழையது. 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார் சீகன்பால்கு என்ற ஜெர்மானியப் பாதிரியார். பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கி, 1715-க்குள் அச்சிட்டும் முடித்துவிட்டார். கடற்கரைப் பட்டினத்தில் அவர் காதில் விழுந்த தமிழ் அது. பொருள் போய்ச் சேர்ந்தால் போதும் என்று இருந்துவிட்டார்.

இத்தாலியரான பெஸ்கிப் பாதிரியாருக்கு, நம் வீரமாமுனிவருக்கு, அந்தத் தமிழ் பொறுக்கவில்லை. முனிவர் கத்தோலிக்கர், தரங்கம்பாடியார் லுத்தரன் சபையார். சமயச் சண்டையோடு தமிழ்ச் சண்டையும் சேர்ந்துகொண்டது. அவர்களுடைய தமிழை முனிவர் எள்ளி நகையாடினார். நகையாட அவருக்கு யோக்கியதையும் உண்டு. சூசையப்பரின் சரிதத்தை 3,615 பாடல்களில் தேம்பாவணியாகப் பாடியவர் அல்லவா?

கதை இத்தோடு முடிந்திருந்தால், அலங்காரம் ஒரு கட்சி, விஷயம் ஒரு கட்சி என்று பிரித்துவிடலாம். ஆனால் தேம்பாவணி பாடிய அதே கை, ஊர் ஊராகப் போய் உபதேசம் செய்யும் வேதியர்களுக்காக ‘வேதியர் ஒழுக்கம்’ எழுதியபோது உரைநடையைத்தான் எடுத்தது. பரமார்த்த குருவின் கதையிலோ பேச்சுத் தமிழுக்கே இறங்கி வந்தது. பேச்சு வழக்கான கொடுந்தமிழுக்கு அவர் லத்தீனில் எழுதிய இலக்கணம் 1738-ல் அச்சாயிற்று. எங்கே தெரியுமா? அந்தத் தரங்கம்பாடி அச்சுக்கூடத்திலேயே! எதிர்க்கட்சிக்கும் அது வேண்டியிருந்தது.

லுத்தரன் சபையாரும் பழைய தமிழோடு நின்றுவிடவில்லை. அவர்களில் ஒருவரான பப்ரிசியஸ், புதிய ஏற்பாட்டை மீண்டும் தமிழாக்கி 1772-ல் வெளியிட்டார். பொருள் உயர்ந்ததாக இருந்தால் மட்டும் போதாது, கேட்பவன் காதும் கூசக் கூடாது என்று ஒப்புக்கொண்டதாகத்தானே அர்த்தம்?

மறுநாள் காலை பெரியவர் தறியில் இருந்தார். சேலையின் உடல் மாம்பழ நிறம். கரை அரக்குச் சிவப்பு. உடலுக்கு ஒரு நாடா, கரைகளுக்கு வேறு நாடாக்கள். இரண்டு இழைகளும் சந்திக்கும் இடத்தில் ஒன்றையொன்று பூட்டிக்கொண்டு போகின்றன. இதற்குத்தான் கோர்வை என்று பெயர். அவர் சம்சாரம் பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

“கரையிலே சரிகை எவ்வளவு வேணும்னாலும் போடலாங்க. கோர்வை சரியா விழல்லேன்னா கரை தனி, சேலை தனின்னு வந்துடும். ஒத்தை ஆளாலே ஆகிற காரியமில்லே” என்றார்.

முந்தின நாள் போதகர் ஒற்றை ஆளாகவே நெய்துவிட்டார் என்று எனக்குப் பட்டது. மறுபக்கம் உட்கார்ந்து நாடாவை வாங்க வேண்டியவர் அந்தத் திண்ணைப் பெரியவர். அவர் கைக்கு எதுவும் வரவில்லை. வீரமாமுனிவரோ, பண்டிதருக்கு ஒரு நாடா, வேதியருக்கு ஒரு நாடா என்று ஆளறிந்து தள்ளினார்.

ஊர் திரும்பியதும், ஒரு விழாவுக்காக எழுதி வைத்திருந்த என் சொற்பொழிவை எடுத்தேன். முதல் பக்கத்தை மனைவிக்குப் படித்துக் காட்டினேன்.

“ரொம்ப நன்றாக இருக்கிறது” என்றாள்.

“என்ன சொல்லியிருக்கிறேன்?”

அவள் யோசித்தாள். அவள் சிரிப்பதற்குள் அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டேன்.