வாய்னிச் சுவடியும் பெயரறியாப் பூண்டுகளும்

பழைய நூல்களை ஆராய்வார்க்குப் பெருவிருந்தாகவும், காவாதார்க்குப் பெரும்பொறியாகவும் அமைந்த சுவடியொன்று அமெரிக்க நாட்டு யேல் பல்கலைக்கழக நூல்நிலையத்தில் உள்ளது. அதற்கு வாய்னிச் சுவடி என்று பெயர். அதிற் கண்ட பூண்டுகள் இன்னவையென்று துணிய முயன்றோரின் வரலாறு, பழமை நாடுவார் யாவர்க்கும் பயன்படுவதாகலின், அதனை நம் சங்கத்து அன்பர்கட்கு ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

கன்றின் தோலைப் பதப்படுத்திச் செய்த ஏடுகளில் எழுதப்பெற்ற இச்சுவடி ஏறக்குறைய 240 பக்கங்களை உடையது. அதன் எழுத்து வேறெந்நூலினும் காணப்படாதது. அதனைப் படித்துப் பொருள் கூறினேம் என்றார் பலர்; பிறர் ஒப்ப நிறுவினார் இலர். 17ஆம் நூற்றாண்டிற் பிராகு நகரத்து மருத்துவராயிருந்த மார்க்கஸ் மார்சி என்பார், ரோமாபுரியில் வாழ்ந்த கிர்ச்சர் என்னும் பாதிரியாருக்கு இதனை அனுப்பினார். இரண்டாம் ருடால்பு சக்கரவர்த்தி 600 பொற்காசு கொடுத்து இதனை வாங்கினார் என்று தாம் கேள்வியுற்றதை உடன் விடுத்த கடிதத்திற் குறித்திருக்கின்றார். பின்னர் நெடுங்காலம் மறைந்து கிடந்த சுவடியை, 1912ஆம் ஆண்டில் வாய்னிச் என்னும் புத்தக வணிகர் ரோமாபுரிக்கு அருகிலிருந்த ஏசு சபையாரிடமிருந்து விலைக்கு வாங்கினார். அவர் பெயரே இதற்கு வழங்கலாயிற்று.

எழுத்துத் திறவாத கதவாயிருக்க, படங்களேனும் சாளரமாகாவோ என்று அறிஞர் எண்ணியது இயல்பே. சுவடியின் முற்பகுதியில் நூற்றுக்கு மேற்பட்ட செடிகள், பெரும்பாலும் பக்கத்துக்கு ஒன்றாக, வேரும் தண்டும் இலையும் பூவும் தோன்ற வரையப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்றன் பெயர் தெளிந்தால், அருகிலுள்ள சொற்களுள் அப்பெயரைத் தேடலாம். அதுவே மற்றவற்றுக்கும் திறவுகோலாகலாம் அன்றோ?

1944ஆம் ஆண்டில் ஹியூ ஓநீல் என்னும் தாவர நூலறிஞர், இப்படங்களுள் ஒன்று சூரியகாந்தி என்றும், மற்றொன்று மிளகாயினம் என்றும் எழுதினார். இவ்விரண்டும் அமெரிக்கக் கண்டத்துக்கே உரியவை. நாம் நாள்தோறும் உணவிற் சேர்க்கும் மிளகாயும் கொலம்பஸ் அக்கண்டத்தை அடைந்த பின்னரே கடல் கடந்து பரவியது. ஆகவே, சுவடி 1493க்குப் பிற்பட்டது என்பது ஓநீலின் முடிபு. கேட்டவர்க்கு இஃது அசைக்கலாகாத வாதமாகவே தோன்றியிருக்கும்.

ஆனால், 2009ஆம் ஆண்டில் அரிசோனாப் பல்கலைக்கழகத்தார் ஏட்டின் தோலிற் சிறு துணுக்குகளை எடுத்துக் கரிமக் கணக்கால் ஆராய்ந்தனர். அத்தோல் 1404க்கும் 1438க்கும் இடைப்பட்டது என்று தெரியவந்தது. கொலம்பஸ் கப்பலேறியதோ 1492இல். தோலின் வயதே எழுத்தின் வயதாகாது, பழந்தோலைச் சேமித்து வைத்துப் பின்னர் எழுதியிருக்கலாமே எனின், ஆகலாம். ஆயின் அவ்வாறு நிகழ்ந்ததென்று காட்டும் பொறுப்பு அங்ஙனம் கூறுவாரையே சாரும்.

இதற்குப் பின்னரும் முயற்சி ஓய்ந்திலது. 2013ஆம் ஆண்டில் டக்கர், டால்பர்ட் என்னும் இருவர், இச்சுவடி மெக்ஸிகோ நாட்டில் 16ஆம் நூற்றாண்டில் எழுந்தது என்று கூறி, அந்நாட்டுச் செடிகள் பலவற்றை இதிற் கண்டனர். மறு ஆண்டில் ஸ்டீபன் பாக்ஸ் என்னும் மொழி நூற் பேராசிரியர், கொத்துமல்லி முதலிய பழைய உலகத்துச் செடிகளின் பெயர்களை இதிற் படித்ததாக அறிவித்தார். சுவடி ஒன்றே, கண்ட நாடுகளோ வெவ்வேறு. இவருள் எவர் கூற்றும் அறிஞரது பொது உடன்பாட்டைப் பெறவில்லை.

இம்மாறுபாட்டுக்குக் காரணம் படங்களின் இயல்பே. ஒரு செடியின் இலை நாமறிந்த ஒன்றை ஒக்கும். அதன் பூ வேறொன்றை ஒக்கும். வேரோ விலங்கின் நகம் போல வளைந்திருக்கும். இலையைப் பற்றியவர் ஒரு பெயர் இடுகிறார். பூவைப் பற்றியவர் மற்றொன்று இடுகிறார். ஒத்ததை எண்ணி, ஒவ்வாததை எண்ணாது விடுதலே பிழையின் தோற்றுவாய்.

படம் பார்த்துப் படம் வரைவதால் உருவம் திரியும் என்பதை ரோமாபுரியின் பிளினி முதல் நூற்றாண்டிலேயே எச்சரித்துள்ளார். இதற்கு எதிராக, ஏறக்குறைய 512ஆம் ஆண்டிற் கான்ஸ்டாண்டிநோபிளில் ஜூலியானா அனிசியா என்னும் பெருமாட்டிக்கென எழுதப்பெற்று, இப்போது வியன்னாவிலுள்ள டயாஸ்கொரிடீஸ் மூலிகைச் சுவடியைக் காண்க. அதில் படத்தோடு கிரேக்கப் பெயரும் குணமும் உள. பிற்காலத்தார் அரபியிலும் எபிரேயத்திலும் பெயர்களைச் சேர்த்து எழுதினர். படம் சிதைந்தாலும் பெயர் தாங்கும். பெயர் மயங்கினும் குணம் தெளிவிக்கும். ஒன்றற்கொன்று துணையான சான்றுகளே உண்மையைக் காக்கும். துணையின்றி நிற்கும் படமோ, காண்பார் விரும்பியதையே காட்டும் கண்ணாடியாகிவிடுகிறது.

இனி, இது நமக்கு எற்றுக்கு எனின், கூறுவாம். குல வரலாறு எழுதப் புகுவோர் சிலர், கல்வெட்டொன்றில் தம் குலப்பெயரை ஒத்த ஒரு சொல்லைக் கண்ட அளவிலே, இன்ன அரசர் மரபினர் யாம் என்று முடித்துவிடுகின்றனர். அக்கல்வெட்டின் காலம் யாது, அச்சொல்லுக்கு அவ்விடத்துப் பொருள் யாது, ஒவ்வாத செய்திகள் அதில் உளவோ என்று ஆராய்வதில்லை. இலையொன்றைக் கண்டு செடிக்குப் பெயரிட்டாரின் செயலும் இதுவும் வேறல்ல. ஒரு பொய்ப் பெருமை வெளிப்படின், உண்மையான பெருமைகளையும் உலகம் ஐயுறும். அவ்விழுக்கை ஏற்பவர் நம் மக்களே.

ஆதலின், தம் இல்லங்களில் பழைய ஏடும் பட்டயமும் உடைய அன்பர்கள், அவற்றிற்குப் பொருள் காண விரையும் முன்னர், உள்ளது உள்ளபடியே படியெடுத்து, எவர் எழுதியது, எவரிடமிருந்து வந்தது என்பவற்றை அருகே குறித்து வைப்பாராக. தெரியாததைத் தெரியாதென்றே எழுதி வைத்தலும் ஒரு தொண்டு. வாய்னிச் சுவடியை வரைந்தவர் படத்தின் கீழ்ப் பிறர் படிக்கத்தக்க பெயரொன்று எழுதியிருப்பின், ஒரு நூற்றாண்டு உழைப்பு மிஞ்சியிருக்கும்.