பேட்டரியே இல்லாத ரிமோட்

போன வாரம் ராத்திரி அம்மா போன் பண்ணாங்க. "டிவி போயிடுச்சுடா, எதை அமுக்கித் தொலைச்சேன்னு தெரியல." டிவிக்கு ஒண்ணும் ஆகல. ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கோட ரிமோட்ல பேட்டரி தீர்ந்திருந்தது. ஒரு மணி நேரமா தன் மேலதான் தப்புன்னு உட்கார்ந்திருக்காங்க.

இந்தப் பயத்தை அமெரிக்காவின் ஜெனித் கம்பெனி 1950களிலேயே யோசிச்சிருக்கு. 1955இல் யூஜின் பாலி உருவாக்கிய ஃபிளாஷ்மேட்டிக் வந்தது. டார்ச் மாதிரி வெளிச்சத்தை டிவியின் மூலைகளில் அடிக்கணும். சிக்கல் என்னன்னா, வெயில் பட்டாலும் சேனல் மாறிடும்! அடுத்த ரிமோட்டுக்குப் பேட்டரியே கூடாதுன்னு விற்பனைக்காரர்கள் சொன்னாங்க. அது தீர்ந்தா, டிவியே கெட்டுப்போச்சுன்னு ஜனங்க நினைப்பாங்களாம்.

அதனால ராபர்ட் ஆட்லரின் யோசனையில் 1956இல் வந்த ஸ்பேஸ் கமாண்டில் பேட்டரி கிடையாது. உள்ளே நான்கு அலுமினியத் தண்டுகள், ஒவ்வொன்றும் வேறு நீளம். பட்டனை அமுக்கினா, குட்டிச் சுத்தியல் ஒன்று தண்டைத் தட்டும். நம்ம காதுக்கு எட்டாத அந்த ஒலியை டிவி கேட்டுக்கும். எந்தத் தண்டு அதிர்ந்ததோ, அதுக்கேத்த வேலை நடக்கும். எனக்கு இன்னைக்கும் பொறாமையா இருக்கிற டிசைன் அது.

1980களில் இன்ஃப்ராரெட் அதை ஓரங்கட்டியது. கூடவே பேட்டரியும் நிரந்தரமாச்சு.

அம்மாகிட்ட ஏசி ரிமோட்டோட பேட்டரி ரெண்டையும் கழற்றி மாட்டச் சொன்னேன். ம்ஹூம். இது ப்ளூடூத் ரிமோட். ஸ்டிக்கை ஒருமுறை அணைச்சுப் போட்டு, ஹோம் பட்டனைப் பத்து விநாடி அமுக்கிப் பிடிச்சதும் இணைஞ்சது.

"சரிடா, இப்ப ஏசியை எப்படிப் போடுறது?"