குடம்புளி அமிலத்தின் இடஞ்சுழி மாற்றியம்: நொதி ஆய்வில் அதன் சான்று மதிப்பு

குடம்புளியின் முதன்மை அமிலம் ஹைட்ராக்ஸிசிட்ரிக் அமிலத்தின் இடஞ்சுழி மாற்றியம் என்பதை மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனத்தின் லூயிஸ், நீலகண்டன் இருவரும் 1965இல் நிறுவினர். இம்மூலக்கூறில் சீர்மையற்ற கார்பன்கள் இரண்டு. எனவே மாற்றியங்கள் நான்கு, அதாவது இரண்டு ஆடிப்பிம்ப இணைகள். 1969இல் வாட்சன், ஃபாங், லோவன்ஸ்டைன் மூவரும் குடம்புளி மாற்றியம் ஏடிபி சிட்ரேட் லயேஸ் நொதியை வலுவாகத் தடுப்பதைக் கண்டனர். மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து வெளிவரும் சிட்ரேட்டைப் பிளந்து, கொழுப்பு அமிலங்களுக்கு மூலப்பொருளான அசெட்டைல் கோஎன்சைம் ஏ-வைத் தருவது இந்நொதியே. நான்கு மாற்றியங்களையும் ஒப்பிட்ட 1977ஆம் ஆண்டு ஆய்வில் குடம்புளி மாற்றியமே இந்நொதியை வலுவாகத் தடுத்தது. இந்த ஒப்பீடுதான் இவ்வமிலத்தை ஆய்வுக்கருவி ஆக்குகிறது என்பது என் வாதம். பிற மாற்றியங்களை உடன் வைத்துச் சோதிக்காத முடிவு, விளைவு இந்நொதி வழியாகவே வந்தது என்பதை நிறுவாது.

காரணம் செறிவில் இருக்கிறது. தூய நொதியைத் தடுக்க மைக்ரோமோலார் அளவு போதும். மின்சுமை மிகுந்த இவ்வமிலம் செல்சவ்வை எளிதில் கடக்காததால், செல்களில் மில்லிமோலார் அளவு தேவைப்படுகிறது. அந்தச் செறிவில் அது கால்சியம் அயனிகளையும் பற்றிக்கொள்ளும். அப்போது கொழுப்பு உற்பத்தியோ, அசெட்டைல் கோஎன்சைம் ஏ-வையே சார்ந்த ஹிஸ்டோன் அசெட்டைலேற்றமோ குறைந்தால், காரணம் நொதித் தடையா, அயனி இழப்பா? ஆடிப்பிம்ப மாற்றியத்துக்கு நிறை, மின்சுமை, கால்சியத்தைப் பற்றும் வலிமை அனைத்தும் ஒன்றே. நொதியுடன் பொருந்தும் விதம் மட்டுமே வேறு. இரண்டும் ஒரே விளைவைத் தந்தால் நொதி விளக்கம் நிற்காது. கரைசலில் உள்ள அமிலம் லாக்டோனாக (வளைய எஸ்டராக) மாறியிருந்தால் தடைத்திறன் வீழும் என்பதால், அதையும் சோதனைக்கு முன் அளந்தாக வேண்டும்.

இந்நொதியின் மரபணுவையே நீக்க முடிகிற இக்காலத்தில் இவ்வமிலம் எதற்கு என்று கேட்கலாம். வலுவான கேள்விதான். ஆனால் இந்நொதியை இழந்த செல்கள் மற்றொரு நொதியைப் பெருக்கி, அசெட்டேட்டிலிருந்து அசெட்டைல் கோஎன்சைம் ஏ-வை ஆக்கிக்கொள்கின்றன. மரபணு நீக்கம் காட்டுவது ஈடுகட்டி முடித்த செல்லை. ஈடுகட்டத் தொடங்குமுன் நிகழ்வதைக் காண விரைந்த வேதித்தடை வேண்டும். இதே நொதியைத் தடுக்கும் மருந்தான பெம்பிடோயிக் அமிலம் இருக்கிறதே என்றால், அது பெரும்பாலும் கல்லீரலில்தான் செயல்வடிவம் பெறுகிறது. இன்னொரு மறுப்பு, 1998இல் 135 பேரிடம் 12 வாரம் நடந்த எடைக்குறைப்புச் சோதனையில் இவ்வமிலம் பயன் தரவில்லை என்பது. அது மருந்தாக அதன் தோல்வி. வழக்கமான உணவு உண்ணும் மனிதர் புதிதாக ஆக்கும் கொழுப்பு குறைவு என்பதால், நொதித் தடை உண்மையாயினும் எடை குறைய வேண்டியதில்லை.

எளிதில் மறுக்கவியலாத தடை ஒன்று உண்டு: குடம்புளி அமிலத்தின் ஆடிப்பிம்பம் இயற்கையில் மலிந்து கிடைப்பதில்லை, தொகுத்தே பெற வேண்டும். அது கைக்கு எட்டாதபோது சிவப்புப் புளிச்சையிலிருந்து கிடைக்கும் ஹிபிஸ்கஸ் அமிலத்தைக் கொள்ளலாம். அது வேறொரு ஹைட்ராக்ஸிசிட்ரிக் மாற்றியத்தின் லாக்டோன், காரத்தால் திறக்கத்தக்கது. அது ஆடிப்பிம்பம் அன்று என்பதால், அதன் கால்சியப் பிணைப்பைத் தனியே அளந்து முடிவோடு சேர்த்து வெளியிட வேண்டும்.