மூடுண்ட நூற்பட்டியல்: ஐசிஸ் தரவுத்தளங்களின் முறிவு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

பழைய தரவுத்தள மென்பொருளொன்று புதிய பணிசெயல் முறைமையில் இயங்க மறுக்குமாயின், அது தொழினுட்பவியலாளருக்குரிய சில்லறை விடயமெனவே பொதுவாகக் கொள்ளப்படுகின்றது. அவ்வாறு கொள்வது போதாது என்பதே எமது நிலைப்பாடாகும். எந்த மென்பொருள் முறிந்தது, யாருடைய உழைப்பு அதனுள் அகப்பட்டுக்கொண்டது, அம்முறிவு யாருடைய தீர்மானத்தின் விளைவு என்பன வரலாற்று வினாக்கள். யுனெஸ்கோவின் சீடிஎஸ்/ஐசிஸ் மென்பொருளை முன்வைத்து அவற்றை ஆராய்வோம்.

இம்மென்பொருளின் மூலத்தை 1960களின் பிற்பகுதியிலே ஜெனீவாவில் சர்வதேசத் தொழில் அமையம் தனது நூலகத்தேவைக்கென உருவாக்கிய ஐசிஸ் முறைமையிற் காணலாம். அது பெருங்கணினிக்குரியது. அதன் வழிவந்த கிளைகளுள் ஒன்றைக் கனடாவின் சர்வதேச அபிவிருத்தி ஆய்வு நிலையம் மினிசிஸ் என்ற பெயரில் வளர்த்தது. மற்றொன்று யுனெஸ்கோவிடம் வளர்ந்தது. 1985இல் நுண்கணினிகளுக்கான பதிப்பு வெளிவந்தபோதுதான் இம்முறைமை உண்மையான பரம்பலைப் பெற்றது. விலை கொடுத்து நூலக மென்பொருள் வாங்க வசதியற்ற ஆசிய, ஆபிரிக்க, இலத்தீன் அமெரிக்க நிறுவனங்களுக்கு அது இலவசமாக வழங்கப்பட்டது. இலங்கையின் நூலகங்களும் ஆவண நிலையங்களும் பல அதனைக் கையாண்டன. நூல்களை ஒவ்வொன்றாகக் கையிலெடுத்து, ஆசிரியர், தலைப்பு, பொருட்சொல் என்பவற்றைப் பதிந்தவர்கள் பெயர் அறியப்படாத நூலக ஊழியர்கள். 1990களின் பிற்பகுதியில் வின்டோஸ் சூழலுக்குரிய வின்ஐசிஸ் வந்ததும் அதே தரவுகள் அதற்கு மாற்றப்பட்டன.

சிக்கல் இங்கேயே விதைக்கப்பட்டது. வின்ஐசிஸ் 16-பிற் நிரலாகவே எழுதப்பட்டிருந்தது. 32-பிற் வின்டோஸ் அத்தகைய நிரல்களை இயக்குவதற்கெனத் தனியானதொரு துணைமுறைமையைத் தன்னகத்தே வைத்திருந்தமையால் பயனாளர் வேறுபாட்டை உணரவில்லை. 64-பிற் வின்டோஸில் அத்துணைமுறைமை நீக்கப்பட்டது. 2009இல் வின்டோஸ் 7 வெளிவந்து 64-பிற் கணினிகள் பொதுவழக்கானபோது, பழைய கணினி பழுதடைந்து புதியது வந்த நூலகத்தில் நூற்பட்டியல் ஒரே நாளில் திறவாத பெட்டகமாயிற்று. 2021இல் வெளிவந்த வின்டோஸ் 11க்கு 32-பிற் வடிவமே கிடையாது.

முறைவழியலகின் இயல்பே இதற்குக் காரணமென்று அடிக்கடி கூறப்படுகின்றது. இக்கூற்று பாதி உண்மையே. 64-பிற் நிலையில் இயங்கும் முறைவழியலகு, டொஸ் நிரல்களுக்கு வேண்டிய மெய்நிகர் 8086 நிலையை வழங்குவதில்லை. எனவே டொஸ் காலத்து ஐசிஸைப் பொறுத்தவரை அவ்விளக்கம் பொருந்தும். ஆனால் வின்ஐசிஸ் போன்ற 16-பிற் வின்டோஸ் நிரல்களின் நிலை வேறு. அவற்றை அதே முறைவழியலகுகளில், 64-பிற் லினக்ஸின் மேல், வைன் என்னும் கட்டற்ற மென்பொருள் இயக்கிக் காட்டியுள்ளது. மைக்ரோசொவ்ற் நிறுவனம் தந்த விளக்கமும் வேறொன்று: சாளரம் போன்றவற்றைச் சுட்டும் அடையாள எண்கள் 64-பிற் வின்டோஸில் 32 பிற் அளவு பொருளுடையன, அவற்றை 16 பிற்றுக்குக் குறுக்கின் தகவல் இழக்கப்படும் என்பது. இது ஏற்கத்தக்க பொறியியற் காரணமே. எனினும் வேறொரு வழி சாத்தியமாயிருந்தது என்பதை வைன் நிறுவியபின், இயற்கை நியதி என்ற பேச்சுக்கு இடமில்லை. பழமையைப் பேணும் செலவை உற்பத்தியாளர் ஏற்காதபோது அச்செலவு நுகர்வோரின் தோளுக்கு இறங்குகின்றது.

யுனெஸ்கோவையும் விமர்சனத்துக்கு அப்பால் வைத்தல் நேர்மையன்று. மென்பொருள் இலவசமாயிருந்தது, மூலநிரல் பயனாளர் கைக்கு வரவில்லை. ஆகவே ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பாலுள்ள நூலகர் பரிஸிலிருந்து திருத்தம் வரும்வரை காத்திருக்கவேண்டியவரானார். இலவசம் வேறு, சுதந்திரம் வேறு.

ஆயினும், முறிந்தது நிரலேயன்றித் தரவு அன்று. இதனை உணராது மென்பொருளை மீள நிறுவ முனைந்து, பழைய கோப்புறையை அழித்தலே பேரிழப்புக்கு வழிவகுக்கும். ஐசிஸின் பதிவுகள் யாவும் எம்எஸ்ரி என முடியும் முதன்மைக் கோப்பில் உள்ளன. ஒவ்வொரு பதிவும் அதனுள் எங்குள்ளது என்பதை எக்ஸ்ஆர்எவ் கோப்பு காட்டும். தேடலுக்கான சுட்டியோ ஆறு கோப்புகளாகப் பிரிந்து கிடப்பது. பதிவு நடுவே கணினி நின்றுவிட்டால் பெரும்பாலும் சிதைவது இச்சுட்டியே. அது வழிப்பெறு சான்று. முதன்மைக் கோப்பிலிருந்து மீள ஆக்கிக்கொள்ளலாம். மூலச்சான்று இருக்க, வழிப்பெறு சான்று கெட்டதற்காக வரலாற்றாசிரியர் கலங்குவதில்லை அல்லவா? எனவே முதலிற் கோப்புகள் அனைத்தையும் வேறிடத்திற் படியெடுத்தல் வேண்டும். பின்னர் மெய்நிகர் கணினியொன்றில் 32-பிற் வின்டோஸை நிறுவி நிரலை இயக்கலாம். டொஸ்பொக்ஸ் போன்ற போலச்செய் நிரலும் உதவும்.

அங்கே தங்கிவிடாது, தரவை ஐஎஸ்ஓ 2709 வடிவில் வெளியேற்றுதல் அவசியம். 1973இல் முதன்முதல் வெளியிடப்பட்ட இந்நியமத்தை வேறு நூலக மென்பொருள்களும் அறியும். ஒரு நுணுக்கம் மட்டும் இடறும்: ஐசிஸ் தன் வெளியீட்டை 80 எழுத்துகளுக்கு ஒரு வரியாக முறித்து, பிரிகுறியாக எண்குறியீட்டை இடும் வழக்கமுடையது. நியமத்தைக் கண்டிப்பாகப் பின்பற்றும் நிரல் அதனைச் சிதைந்த கோப்பென்று கருதும்; வரிமுறிவை முன்கூட்டியே நீக்கல் வேண்டும்.

தமிழ்ப் பதிவுகளுக்கு இன்னுமொரு தடை உண்டு. வின்ஐசிஸ் யுனிகோட் அறியாதது. பாமினி போன்ற எழுத்துருவைக் கொண்டு உள்ளிடப்பட்ட தலைப்பு, கோப்பினுள் உரோம எழுத்துகளின் கோவையாகவே கிடக்கும். எழுத்துரு இல்லாத கணினியில் அது பொருளற்ற குப்பையாகத் தோன்றும். தெரியாதவர் அழித்தும் விடுவர். எந்தப் புலம் எந்த எழுத்துருவில் உள்ளிடப்பட்டதென்று குறித்துவைத்துப் புலம்வாரியாக யுனிகோடுக்கு மாற்றுதல் பொறுமை வேண்டும் பணி. ஆங்கிலத் தலைப்பையும் சேர்த்து மாற்றிவிட்டால் அதுவும் கெடும்.

இத்துறையின் பயனுள்ள கருவிகள் பல தெற்கிலிருந்தே வந்தன. பிறேசிலின் சாவோ போலோவிலுள்ள பிரேம் என்னும் சுகாதாரத் தகவல் நிலையம் ஆக்கிய சிஐசிஸ் தொகுதியின் எம்எக்ஸ் நிரல், வின்ஐசிஸின் துணையின்றியே முதன்மைக் கோப்பை நேரடியாக வாசிக்கும், லினக்ஸிலும் இயங்கும். அதே நிலையமும் பெல்ஜியப் பல்கலைக்கழகக் கூட்டமைப்பும் இணைந்து தொடங்கிய ஏபிசிடி, ஐசிஸ் தரவை அதன் அமைப்பு மாறாமலே உலாவியூடாகக் கையாள வழிசெய்தது. இதன் மூலநிரல் திறந்தது. கோப்புகளின் படி ஒன்று எஞ்சியிருக்கும் நூலகம் எதுவும் இதனைக் கொண்டு இன்றும் பணியைத் தொடங்கலாம்.