உள்நோயாளிகளுக்கான உறவுசார் உளச்சிகிச்சை

மனச்சோர்வு முற்றி மருத்துவமனையில் சேர்ந்தவர்களுக்கு மாத்திரைகளோடு சேர்த்து அளிக்கப்படும் பேச்சுவழிச் சிகிச்சை. இதன் மூலமுறையை 1970களில் அமெரிக்காவில் ஜெரால்டு கிளெர்மன், மிர்னா வைஸ்மன் முதலியோர் வகுத்தனர். இழவுத் துயரம், உறவுப் பிணக்கு, வாழ்நிலை மாற்றம், பழக முடியாத தனிமை ஆகியவற்றில் எது நோயோடு பின்னியிருக்கிறது என்று கண்டு அதைப் பேசித் தீர்ப்பதே வழி.

ஜெர்மனியில் எலிசபெத் ஷ்ராம் குழுவினர் இதை வார்டுக்கு ஏற்ப மாற்றினர்: 5 வாரங்கள், 15 தனி அமர்வுகள், 8 குழு அமர்வுகள். 124 பேரிடம் நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வில், மருந்தோடு இதையும் பெற்றவர்கள், மருந்தும் தீவிர மருத்துவக் கவனிப்பும் மட்டும் பெற்றவர்களைவிட நன்கு தேறினர்.

வாய் திறக்கவே தெம்பில்லாமல் வருபவர்கள் உண்டு. “இது உங்கள் சோம்பல் இல்லை, நோய்” என்று விளக்குவதுதான் முதல் வேலை. சின்னக் காரியம்போலத் தோன்றும். தன்னையே பழித்துக் கிடப்பவருக்கு அது பெரிய ஆறுதல். பின்பு குழுவில் ஒருவர் மனைவியாக நடிக்க, வீட்டில் பேச்சை எப்படி எடுப்பது என்று வாக்கியம் வாக்கியமாகப் பழகலாம். வீடு திரும்பிய முதல் வாரங்களில் தற்கொலை அபாயம் கூடுதல். எனவே அடுத்த சந்திப்பின் தேதியைக் குறித்துக் கொடுத்தே அனுப்ப வேண்டும்.