வாகூர் வித்யாஸ்தானமும் வில்லியனூர் விண்ணப்பமும்

கல்லூரிப் பிரவேசத்திற்கு மதிப்பெண் ஒன்றே வாயில் என்று இன்று நாம் எண்ணிப் பழகிவிட்டோமாயினும், புதுச்சேரியின் கிராமப் பிரதேசங்களாகிய பாகூரிலும் வில்லியனூரிலும் உயர்கல்வியின் சரித்திரம் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேல் பின்னோக்கி நீள்கிறது. அதில் மதிப்பெண்ணின் ஆட்சி கடைசியாக வந்த ஒரு சிறு அத்தியாயமே. சராசரிக்குக் குறைவான மதிப்பெண்ணோடு விண்ணப்பப் படிவத்தின் முன் அமரும் மாணாக்கனும் மாணாக்கியும் அந்த நெடிய சரித்திரத்தின் வாரிசுகள் என்பதை அவர்களுக்கு யாரேனும் சொல்லவேண்டும் என்பது என் நெடுநாளைய ஆசை.

பாகூருக்குச் செப்பேடுகளில் வாகூர் என்று பெயர். பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனது எட்டாம் ஆட்சியாண்டில், அதாவது ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி என்னும் மூன்று கிராமங்கள் வரிநீக்கப்பெற்று அவ்வூர் வித்யாஸ்தானமாகிய கல்விச்சாலைக்கு வித்யாபோகம் என்னும் கல்வி மானியமாக அளிக்கப்பட்ட செய்தியை, காளை முத்திரை பொறித்த வளையத்தில் கோத்த ஐந்து செப்பேடுகள் வடமொழியிலும் தமிழிலும் கூறுகின்றன. சிவபெருமானின் சடையில் கங்கை தங்கியதுபோல் வாகூரில் கல்வி தங்கியது என்று அதன் வடமொழிப் பகுதி போற்றுகிறது. வில்லியனூருக்கு மேற்கே திருபுவனையிலோ, 1048-ஆம் ஆண்டைச் சார்ந்த, முதலாம் இராஜாதிராஜன் காலத்துக் கல்வெட்டொன்று, 260 மாணாக்கரும் 12 ஆசிரியரும் கொண்ட ஒரு கல்லூரியைக் குறிப்பிட்டு, அங்கே கற்பிப்போரும் கற்போரும் ஊர் வாரியங்களில் பணியாற்றும் கடமையிலிருந்து விலக்கப்பட்டனர் என்னும் அருமையான செய்தியையும் நமக்குத் தருகிறது. படிப்பவனுடைய பொழுது ஊருக்கே சொத்து என்று எண்ணி அதற்கு நிலம் ஒதுக்கி நெல்லளந்த சமுதாயம் அது.

ஆனால் பெருமையோடு நிறுத்திக்கொண்டால் சரித்திரத்திற்கு நியாயம் செய்தவர்களாக மாட்டோம். அந்த வித்யாஸ்தானங்களுக்குள் நுழைய வேண்டிய யோக்கியதை பிறப்பால் வகுக்கப்பட்டிருந்தது. எந்தக் கிராமங்களின் விளைச்சல் அங்கே சோறாயிற்றோ, அந்தக் கிராமங்களில் சேற்றில் இறங்கி நாற்று நட்டவர்களின் பிள்ளைகளை அங்கே யாரும் எதிர்பார்க்கவில்லை. மதிப்பெண் கொடுமையானது என்று இன்று நாம் வருந்தும்போது, அதற்கு முன்னிருந்த கதவு தட்டுவதற்கே இடங்கொடாத கதவு என்பதையும் சேர்த்தே நினைக்கவேண்டும்.

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் வில்லியனூரும் பாகூரும் பிரெஞ்சுக்காரர் வசமாயின. அவர்கள் காலத்தில் வாயிலில் நின்றது பாஷை. 1823-இல் மருத்துவப் பள்ளியும் 1838-இல் சட்டப் பள்ளியும் புதுச்சேரிப் பட்டணத்தில் தோன்றின. அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் கலவை சுப்பராய செட்டியார் நிறுவிய கலவைக் கல்லூரி எழுந்தது. எனினும் கிராமத்துப் பையன் ஒருவன் கொம்யூன் பள்ளியில் படித்து ‘செர்த்திபிக்கா’ தேறினால் அதையே பெரிய பாக்கியமாகக் கருதினார்கள். அதற்கப்பால் ‘பிரெவே’, அதற்கும் அப்பால் பக்கலோரியா என்று பிரெஞ்சு மொழியில் ஏறவேண்டிய படிகள் பட்டணத்திலேயே இருந்தமையால், பட்டணத்தில் தங்கிச் சாப்பிட வழியுள்ள குடும்பங்களே அவற்றை எட்டின. வில்லியனூரில் 1915-இல் பிறந்து, பின்னர் பாகூர்ப் பக்கத்துச் சேலியமேட்டோடு தம் பெயரைப் பிணைத்துக்கொண்ட கவிஞர் வாணிதாசன், பாரதிதாசனிடம் பாடங்கேட்டுத் தாமும் பள்ளி ஆசிரியராகவே வாழ்நாளைக் கழித்தார். அக்காலத்துக் கிராம இளைஞனுக்குத் திறந்திருந்த பாதைகளில் மிகக் கௌரவமானது ஆசிரியத் தொழிலே.

1954 அக்டோபர் 18-ஆம் நாள், வில்லியனூரை அடுத்த கீழூரில் கூடிய 178 பிரதிநிதிகளுள் 170 பேர் இந்தியாவோடு இணைவதற்கு வாக்களித்தார்கள்; நவம்பர் முதல் நாள் ஆட்சி கைமாறியது. நாட்டின் வரைபடத்தை மாற்றிய அந்த வாக்கெடுப்பு, பள்ளிப் பிள்ளையின் எதிர்காலப் பாதையையும் மாற்றிவிட்டது. பிரெஞ்சு வழியில் பாதி தூரம் வந்திருந்தவர்கள் ஆங்கில வழிக்குத் திரும்பவேண்டியதாயிற்று, எஸ்.எஸ்.எல்.சி.யும் பி.யூ.சி.யும் சென்னைச் சர்வகலாசாலையும் புதுவைக்கு வந்தன. தாகூரின் நூற்றாண்டாகிய 1961-இல் இலாசுப்பேட்டையில் தாகூர் கலைக் கல்லூரியும், 1968-இல் பெண்களுக்கெனப் பாரதிதாசன் அரசினர் மகளிர் கல்லூரியும் திறக்கப்பட்டபோது, கிராமத்து வீடுகளில் முதன்முறையாக ‘காலேஜுக்கு மனுப்போடுவது’ என்னும் பேச்சு எழுந்தது. மதிப்பெண்ணின் ஆட்சி இங்கே வேரூன்றியதும் அப்பொழுதிலிருந்துதான்.

அந்த மனுவைத் தயாரிப்பது மெல்ல ஒரு கிராம வழக்கமாகவே வளர்ந்தது. வில்லியனூர்த் திருக்காமீசுவரர் கோயில் தேர், பிரெஞ்சு கவர்னர் வடம்பிடித்த நாள் முதல் இன்றளவும் ஆட்சித் தலைவரே வந்து இழுக்கும் அந்த வைகாசித் தேர், ஓடும் பருவமே பரீட்சை முடிவும் விண்ணப்பமும் வரும் பருவம். மதிப்பெண் குறைந்த பிள்ளையின் வீட்டில் அப்போது வழிகாட்டியாக வந்து நிற்பவர் பெரும்பாலும் தலைமையாசிரியரோ, அந்தத் தெருவில் முதலில் பட்டம் பெற்ற ஓர் அண்ணனோ, அக்காவோதான். அவர்கள் சொல்லிக்கொடுத்த வித்தை எந்தப் புத்தகத்திலும் அச்சாகவில்லை. ஆனால் அது உண்மையான அனுபவத்தில் விளைந்தது.

மொத்த மதிப்பெண்ணைக் கண்டு மலைக்காதே என்பது அதன் முதற்பாடம். தமிழிலக்கிய வகுப்புக்குத் தமிழ்த்தாளின் மதிப்பெண்ணையே முதன்மையாகக் கொள்வது நம் நாட்டுக் கல்லூரிகளில் நெடுங்கால வழக்கமாதலால், கணக்கில் 35-ஐத் தொட்டுத் தப்பித்த பிள்ளை தமிழில் சிறந்திருந்தால் அங்கே முன்வரிசையில் நிற்கமுடியும். எல்லோரும் வணிகவியலுக்கும் கணினிக்கும் முட்டிமோதும்போது வரலாற்றையும் பொருளாதாரத்தையும் படிவத்தில் எழுதத் தயங்காதவனுக்கு இடம் கிடைத்தது. முதற்பட்டியலில் பெயரில்லை என்று மனமுடைந்து செங்கல் சூளைக்கோ கம்பெனி வேலைக்கோ போய்விடாமல் இரண்டாம் பட்டியலுக்கும் மூன்றாம் பட்டியலுக்கும் காத்திருந்தவனுக்கும் கிடைத்தது. இந்தக் காத்திருத்தலே கிராமத்து ஏழைக்கு மிகக் கடினமான பகுதி என்று நான் கருதுகிறேன்; கூலிக்குப் போகாத ஒவ்வொரு நாளும் வீட்டில் அடுப்பைத் தொடுகிறது.

அடுத்தது தாள்கள். மாற்றுச் சான்றிதழ், குடியிருப்புச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் ஆகியவற்றைத் தாலுக்கா அலுவலகத்தில் வைகாசிக்கு முன்பே வாங்கி வைத்துக்கொண்டவனுக்கும், கடைசி நாளில் வரிசையில் நின்றவனுக்கும் இடையேயான வித்தியாசம் பல சந்தர்ப்பங்களில் ஐம்பது மதிப்பெண்ணின் வித்தியாசத்தைக் காட்டிலும் பெரியதாயிருந்தது. இடஒதுக்கீட்டில் தனக்குரிய பிரிவு எது, விளையாட்டு வீரருக்கு என்ன சலுகை, சுதந்திரப் போராட்ட வீரரின் வழித்தோன்றலுக்கு என்ன உரிமை என்பவற்றை அறிந்திருப்பதும் இந்த வித்தையில் அடக்கம். கீழூரையும் அதைச் சுற்றியுள்ள ஊர்களையும் சார்ந்த பேரப்பிள்ளைகளுக்கு இந்தக் கடைசி உரிமை வெறும் சலுகையாகத் தோன்றுவதில்லை.

தூரம் என்றொரு தடையும் இருந்தது. பாகூர் தென்கோடியில், இலாசுப்பேட்டை பட்டணத்திற்கு வடக்கே. பட்டணத்திற்குப் போய் அங்கே இன்னொரு பேருந்து ஏறவேண்டியிருந்ததால், பெண்பிள்ளைகளை அனுப்பத் தயங்கிய வீடுகள் ஏராளம். பாகூர்க்காரருக்குக் கடலூரும், 1879 முதலே ரயில் நின்றுசென்ற வில்லியனூர்க்காரருக்கு விழுப்புரமும் மனத்தளவில் பட்டணத்தினும் அந்நியமானவையல்ல. 1929-இல் தோன்றிய சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் எட்டக்கூடிய தொலைவிலேயே இருந்தது. கல்லூரியில் இடம் கிடைக்காதவர்கள் பலர் அதன் தபால்வழிக் கல்வியால் பட்டதாரிகளாயினர். பத்தாம் வகுப்போடு பாலிடெக்னிக்கில் சேர்ந்து, டிப்ளோமா முடித்து, பொறியியலில் நேரே இரண்டாம் ஆண்டில் நுழைந்தவர்களும் உண்டு. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் அவர்களைத் தடுக்கும் சந்தர்ப்பமே நேரவில்லை. பிற்காலத்தில் கலிதீர்த்தாள்குப்பம் போன்ற கிராமப்புறங்களுக்கே அரசுக் கலைக் கல்லூரிகள் வந்தன. சர்க்கார் செய்த பல காரியங்களுள் இதையே நான் மிகவும் போற்றுகிறேன். மதிப்பெண்ணைத் தளர்த்தாமலே, தூரத்தைக் குறைத்ததால் மட்டும் எத்தனையோ பெண்கள் பட்டம் பெற்றார்கள்.

1985-இல் புதுவைக்கென மத்தியப் பல்கலைக்கழகம் அமைந்தது. பின்னர் ‘சென்டாக்’ என்னும் மையச் சேர்க்கைக் குழு வந்து, கல்லூரிதோறும் படிவம் வாங்க அலைந்த காலம் போய், ஒரே விண்ணப்பத்தில் கல்லூரிகளையும் பாடங்களையும் விருப்ப வரிசையாகத் தரும் முறை ஏற்பட்டது. சிபாரிசுக்கு அங்கே இடமில்லை. அந்த அளவில் இது ஏழைக்கு அனுகூலமே. ஆனால் பழைய அண்ணனும் தலைமையாசிரியரும் சொல்லிவந்த வித்தை முழுவதும் இப்போது அந்த விருப்ப வரிசைக்குள் சுருங்கிவிட்டது. பக்கத்துக் கல்லூரியையும் போட்டி குறைந்த பாடத்தையும் எழுதாமல் பெரிய பெயர்களை மட்டும் நிரப்பிய பிள்ளை, இடங்கள் காலியாகக் கிடக்கும்போதே வெறுங்கையோடு நிற்க நேர்கிறது. கட்டணம் வாங்கிக்கொண்டு கணினிக் கடையில் படிவத்தை நிரப்பித் தருபவருக்கு அந்தப் பிள்ளையைத் தெரியாது.

அரசுப் பள்ளி மாணாக்கருக்கு மருத்துவப் படிப்பில் பத்து விழுக்காடு உள்ஒதுக்கீடு 2023-இல் கிடைத்தது நல்ல செய்தி. தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தை விட்டு சி.பி.எஸ்.இ.க்கு மாறிய புதுவை அரசுப் பள்ளிகளின் பன்னிரண்டாம் வகுப்பினர் 2025-இல் முதன்முறையாக அந்தப் பரீட்சையை எழுதினார்கள். தேர்ச்சிக்குரிய எண் 35 என்பது 33 என்று மாறியதோடு, கேள்விகளின் போக்கும் விடைத்தாள் திருத்தும் முறையும் மாறியிருக்க, அவர்களுடைய மதிப்பெண் பழைய பாடத்திட்டத்திலேயே நீடித்த பள்ளிகளின் மதிப்பெண்ணோடு ஒரே தரவரிசையில் வைக்கப்படுகிறது. இந்த ஒப்பீட்டில் பாகூர், வில்லியனூர் அரசுப் பள்ளிகளின் பிள்ளைகள் நஷ்டமடையாமல் காக்கவேண்டிய பொறுப்பு கல்வித் துறையினுடையது. அதுவரை ஒவ்வொரு கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்திலும் சேர்க்கைப் பருவத்தில் விவரமறிந்த ஆசிரியர் ஒருவரை அமர்த்தி, பிள்ளைகளின் விருப்ப வரிசையை அவர்களோடு உட்கார்ந்து எழுதித் தரச்செய்வது, பெருஞ்செலவில்லாமல் இந்த ஆண்டே செய்யக்கூடிய காரியம்.